கேட் ஓரம் நிற்கும் பெரிய டீச்சர்!

காலை எட்டே முக்கால். டெல்டா பக்கம் ஓர் ஊர். அரசு உயர்நிலைப்பள்ளிக்கு எதிரே டவுன் பஸ் வந்து நிற்கிறது. கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் இருபது முப்பது பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்கி ஓடி வருகிறார்கள். கேட் ஓரம், வேப்ப மரத்தடியில் ஒரு பெண்மணி நிற்கிறார். கையில் குச்சி இல்லை. செல்போனும் இல்லை.

"என்னடா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு டீச்சர். காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டான்."

"ஏய் ரெட்டைச் சடை... ஒரு ரிப்பனைக் காணோமே?"

"பஸ்ல பறந்துடுச்சு டீச்சர்!"

சிரித்துக்கொண்டே ஓடுகிறது அந்தப் பெண். அடுத்து வந்த பையனிடம் எதுவும் கேட்கவில்லை. முதுகில் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

இவர்தான் பள்ளியின் தலைமையாசிரியை. எனக்கு அக்கா முறை. "பேரைப் போடாதே, ஊரையும் போடாதே. அப்புறம் 'யாரைக் கேட்டுப் பேட்டி கொடுத்தீங்க'ன்னு மெமோ வந்து நிக்கும்" என்ற நிபந்தனையோடுதான் என்னைப் பள்ளிக்குள் விட்டார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் 'பெரிய டீச்சர்'. ஊரிலும் அவருக்கு அதுதான் பெயர்.

"தினமும் இப்படி நிக்கணுமாக்கா? வாட்ச்மேன் வேலை மாதிரி இருக்கே?" என்று கேட்டேன்.

"வாட்ச்மேன் வேலைதான். ஆனா உள்ள யார் வர்றாங்கன்னு பாக்க நிக்கலை. யார் வரலைன்னு பாக்க நிக்கிறேன்."

கையில் இருந்த புள்ளிகள்

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பஸ்ஸில் வந்து, முதல் ஆளாக "வணக்கம் டீச்சர்" சொல்கிறவன், திடீரென்று இரண்டாவது பஸ்ஸில் வர ஆரம்பித்தான். வணக்கம் இல்லை. தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று போய்விடுவான். வகுப்பாசிரியர் வந்து, "முதல் பீரியட்லயே தூங்குறான் டீச்சர். கேட்டா பதில் சொல்லாம முறைக்கிறான். பேரன்ட்ஸைக் கூப்பிட்டு டி.சி.யைக் கொடுத்துடலாம்" என்று பொரிந்திருக்கிறார்.

பெரிய டீச்சர் டி.சி. புத்தகத்தைத் தேடவில்லை. மறுநாள் கேட்டில் அவனை நிறுத்தி, சட்டை காலரைச் சரி செய்கிற மாதிரி கையைப் பார்த்திருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே சின்னச் சின்னதாகக் கறுத்த புள்ளிகள். எண்ணெய் தெறித்த தழும்புகள்.

'ஏன்டா தூங்குற' என்று அவர் கேட்கவில்லை. "எந்தக் கடைடா?" என்றுதான் கேட்டார்.

பையன் அழுதுவிட்டான். அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்திருக்கிறார். அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி வீட்டுக்குக் காணவில்லை. பையன் பஸ் ஸ்டாண்ட் பரோட்டா கடையில் சாயங்காலம் போனால் இரவு ஒரு மணிக்குத்தான் திரும்புகிறான்.

அன்று மாலையே பெரிய டீச்சர் அவன் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகவில்லை. டி.சி. கொடுக்கச் சொன்ன அதே வகுப்பாசிரியரையும் அழைத்துக்கொண்டு போனார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். "அவரு நல்ல வாத்தியார். கணக்குல புலி. அவருகிட்ட 'நீங்க நினைச்சது தப்பு'ன்னு நான் சொன்னா, அவர் மனசு சுருங்கிடும். அவரே வந்து அந்தத் திண்ணையில உக்காந்து பார்த்தா, நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே!" என்றார்.

பிறகு பரோட்டா கடை. நான்கு பரோட்டா பார்சல் சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தார். கடைக்காரரும் கெட்டவர் இல்லை. "அவங்கம்மா வந்து கேட்டாங்க டீச்சர். பாவமேன்னு சேர்த்துக்கிட்டேன்" என்றார். நம் நாட்டுச் சட்டப்படி 14 வயது முடியாத பிள்ளைகளை வேலைக்கே வைக்கக் கூடாது. 14 முடிந்து 18 ஆகாதவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. மற்ற வேலை என்றாலும் இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு எழுதிப் போடத் தெரியும்ணே. ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்" என்றாராம். மறுநாளிலிருந்து பையன் கடைக்குப் போகவில்லை.

"முதல்லயே புகார் எழுதியிருக்கணும் இல்லையா?" என்று நானும் கேட்டேன்.

"எழுதியிருந்தா கடைக்காரருக்கு ஃபைன் விழுந்திருக்கும். பையனை அவங்க மாமா திருப்பூருக்கு அனுப்பியிருப்பாரு. அங்க போய் நான் எந்தக் கேட்ல நிக்கிறது?"

அது சரியா தவறா என்று வாசகர்கள் வேறு விதமாக நினைக்கலாம். எனக்கும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ஆனால், பிள்ளை பள்ளியில் இருக்கிறான்.

வீட்டுக்குப் பணம்? அதற்குப் பெரிய டீச்சரிடம் வழி இல்லை. வழி கண்டுபிடித்தவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா. கோயில் வாசலில் பூ விற்பவர். பையனின் அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தும் அட்டையைப் புதுப்பிக்காமல் போட்டு வைத்திருந்தார். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அலைந்து புதுப்பிக்க வைத்தவர் அந்தப் பூக்கார அம்மாதான். ஊரில் யாரிடம் போனால் எது நடக்கும் என்று அவருக்குத்தான் தெரிகிறது.

அவரும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தார்

இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு என் பள்ளி ஹெச்.எம். நினைவுக்கு வந்தார். அவரும் அறையில் உட்காருபவர் இல்லை. நாள் முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். பின்னால் கட்டிய கையில் பிரம்பு. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் மொத்த வகுப்பும் மூச்சை அடக்கிக்கொள்ளும். எங்கள் ஆசிரியர்களும்தான். பாடம் நடத்திக்கொண்டிருந்த தமிழம்மா, ஜன்னலில் அவர் தலை தெரிந்ததும் சட்டென்று குரலை உயர்த்துவார். தலை மறைந்ததும் பழைய குரல். எங்களுக்குச் சிரிப்பாக வரும்.

ஐந்து வருடம் அங்கே படித்தேன். அவர் என் பெயரைச் சொல்லி ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. 'ஏய்', 'டேய்' இரண்டும்தான் எங்கள் எல்லோருக்கும் பெயர். குழந்தைகளை அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்துவிட்டது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. அந்த நடை மட்டும் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. சில தனியார் பள்ளிகளில் அந்த நடைக்குப் பதில் சி.சி.டி.வி. வந்திருக்கிறது. பிரின்சிபால் அறையில் பதினாறு சதுரமாகத் திரை. அவர் எல்லோரையும் பார்க்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை.

வெறுமனே நடப்பதால் பலன் இல்லை என்பதை ஆய்வும் சொல்கிறது. அமெரிக்காவின் மயாமி-டேட் பகுதியில் சுமார் 100 பள்ளிகளில், தலைமையாசிரியர்களின் அன்றாடத்தைக் கூடவே இருந்து கவனித்துக் குறித்தார்கள் ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பென் மாஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள். முடிவு 2013-ல் வெளியானது. தலைமையாசிரியர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பாடம் நடத்தும் முறையைப் பற்றிப் பேசி வழிகாட்டிய இடங்களில் பிள்ளைகளின் படிப்பு முன்னேறியிருந்தது. வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிற 'ரவுண்ட்ஸ்' அதிகமாக இருந்த பள்ளிகளில், அதிலும் உயர்நிலைப் பள்ளிகளில், முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. பார்த்ததை வைத்துக்கொண்டு பிறகு ஆசிரியரோடு எதுவும் பேசாவிட்டால், ரவுண்ட்ஸ் வெறும் வேவு பார்த்தலாகிவிடுகிறது. எங்கள் தமிழம்மாவைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்!

கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' படித்திருக்கிறீர்களா? தமிழிலும் கிடைக்கிறது. ஜப்பானின் டெட்சுகோ குரோயநாகி தன் சிறு வயதுப் பள்ளியைப் பற்றி எழுதி 1981-ல் வெளிவந்த புத்தகம். டோக்கியோவில் ஓடாத ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்து நடந்த பள்ளி அது. பெயர் டோமோயி. நடத்தியவர் சோசாகு கோபயாஷி.

ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி டோட்டோ-சான். அம்மா அவளை இங்கே அழைத்து வருகிறார். கோபயாஷி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்காருகிறார். நீ என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ, சொல்லு என்கிறார். அவள் பேசுகிறாள், பேசுகிறாள், நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்கிறார். நம் வீட்டில் நாம் நம் பிள்ளை பேசுவதை எத்தனை நிமிடம் கேட்கிறோம் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம் அழகு. எல்லோரும் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டு வர வேண்டும். கடல் என்றால் மீன் மாதிரி. மலை என்றால் காய், கிழங்கு, இறைச்சி. கோபயாஷி ஒவ்வொரு டிபன் பாக்ஸாகப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் அவர் மனைவி, கைக்கு ஒன்றாக இரண்டு பாத்திரத்தோடு. யாருக்குக் கடல் குறைகிறதோ அவருக்கு அதிலிருந்து ஒன்று, மலை குறைந்தால் இதிலிருந்து ஒன்று. யார் வீட்டில் கஷ்டம் என்று கேட்டுப் பிள்ளையைக் குறுக வைக்காமல், தினமும் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

அதே புத்தகத்தில் இன்னொரு சம்பவம். உயரம் வளராத ஒரு பையனிடம் வகுப்பாசிரியை விளையாட்டாக, உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். கோபயாஷிக்குக் கடும் கோபம். ஆனால், அந்த ஆசிரியையை மற்ற ஆசிரியர்கள் முன்னால் கண்டிக்கவில்லை. சமையலறையில் வைத்து, தனியாகக் கண்டிக்கிறார். டோட்டோ-சான் தற்செயலாகக் கேட்டுவிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது.

பெரிய டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் படித்ததில்லை. "கிச்சன்லயா? நான் சைக்கிள் ஸ்டாண்ட்ல வெச்சுப் பேசுவேன்" என்றார்.

சைக்கிள் ஸ்டாண்ட் கதை இது. ஓர் ஆசிரியை தொடர்ந்து இருபது நிமிடம் தாமதம். ஸ்டாஃப் மீட்டிங்கில் 'சிலர் லேட்டாக வருகிறார்கள்' என்று பொதுவாகப் போட்டு வாங்குவதுதான் வழக்கம். அந்தச் 'சிலர்' யாரென்று எல்லோருக்கும் தெரியும்; அவமானம் மட்டும் மிஞ்சும். பெரிய டீச்சர் சைக்கிள் ஸ்டாண்டில் அவர் வண்டியை நிறுத்தும்போது போய் நின்று, "வீட்ல என்னம்மா?" என்றார். மாமியாருக்குப் பக்கவாதம். காலையில் பார்த்துக்கொள்ள வரும் பெண் எட்டரைக்குத்தான் வருகிறாள். முதல் பீரியடை வேறு ஆசிரியருக்கு மாற்றிவிட்டு, கடைசிப் பீரியடை இவருக்குக் கொடுத்தார். "ஆனா லேட் லேட்டுதான். அதைப் பதிவேட்டுல மறைக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். ரெண்டும் சொல்லணும்ல?"

அன்பாக இருந்தால் மட்டும் பள்ளி ஓடிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த ஆசிரியையின் வகுப்பில் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டிருக்கிறார். பிறகு, "முன்னாடி வரிசைப் பிள்ளைங்ககிட்டயே கேள்வி கேக்குறே. ஜன்னல் ஓரம் நாலு பேரு இன்னைக்கு வாயே திறக்கலை" என்று சொல்லியிருக்கிறார். நேராகத்தான் சொன்னார். அந்த ஆசிரியைக்கு அது கோபம் மூட்டவில்லை. காரணம், சைக்கிள் ஸ்டாண்ட்!

சிகாகோ நகரில் 400-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஆண்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள், பெற்றோர், தலைமையாசிரியர் மூவருக்கும் இடையே பரஸ்பர நம்பிக்கை பலமாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று படிப்பில் முன்னேறியிருந்தது. நம்பிக்கை பலவீனமாக இருந்த பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றுதான் முன்னேறியது. நம்பிக்கை மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. அது இல்லாத இடத்தில் வேறு எதுவும் வேர் பிடிக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது.

நாற்காலி இழுக்கிறதே!

ஹெச்.எம்.களைக் குறை சொல்வது சுலபம். பெரிய டீச்சரின் மேசையைப் பார்த்தேன். எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், நலத்திட்டப் பட்டியல்கள், பஸ் பாஸ், சைக்கிள், சத்துணவுக் கணக்கு, கழிவறை மோட்டார் ரிப்பேர் பில். வாட்ஸ்அப்பில் 'மிக அவசரம்' என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தகவல் கேட்கிறார்கள். கிளார்க் பணியிடம் காலி. ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஹெச்.எம்.மும் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்த வேண்டும். மீட்டிங் என்று அழைப்பு வந்தால் பள்ளியில் மிஞ்சுவது ஒரே ஓர் ஆசிரியர்.

பெரிய டீச்சர் என்ன செய்கிறார்? காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையில் இருப்பதில்லை. சத்துணவு வரிசையின் கடைசியில் நிற்கிறார். மாலை கடைசி பஸ் போகும் வரை மறுபடி வேப்ப மரம். மீதி நேரம் ஃபைலுக்கு. "அவசரம்னு கேக்குறதுல பாதி மறுநாள் கொடுத்தாலும் ஒண்ணும் ஆகுறதில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு" என்று சிரிக்கிறார். ஆனாலும் இரவு பத்து மணிக்கு வீட்டில் லேப்டாப்போடு உட்காருகிறார் என்பதை அத்தான் என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரு நல்ல தலைமையாசிரியரின் குடும்பம் இதற்கு விலை கொடுக்கிறது. இதை இலாகா யோசிக்க வேண்டும். விருது கொடுத்தால் மட்டும் போதாது.

தொடக்கப் பள்ளிகளுக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். பிள்ளைகள் பள்ளி தொடங்கும் முன்பே வந்து வரிசையில் உட்காருகிறார்கள். அந்த உப்புமா, பொங்கல் நேரத்தில் ஹெச்.எம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். யார் இரண்டாம் முறை கேட்கிறான், யார் சாப்பிடாமல் அளைகிறாள், எல்லாம் தெரியும். கோபயாஷியின் டிபன் பாக்ஸ் சுற்று மாதிரிதான்.

பெற்றோர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது லேப் பார்க்கிறோம், பஸ் பார்க்கிறோம், ஸ்மார்ட் போர்டு பார்க்கிறோம். அடுத்த முறை பள்ளி தொடங்கும் நேரத்தில் கேட் அருகே கால் மணி நேரம் நின்று பாருங்கள். பிரின்சிபால் வெளியே வருகிறாரா? வந்தால் பிள்ளைகள் அவரைக் கண்டு ஒதுங்குகிறார்களா, ஓடி வருகிறார்களா? துப்புரவு செய்கிற அம்மாவிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? பிராஸ்பெக்டஸில் இது எதுவும் இருக்காது.

அரசுப் பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பல ஊர்களில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு அது முடிகிறது. அந்தப் பூக்கார அம்மாவும் முதல் இரண்டு கூட்டத்தில் கையெழுத்து மட்டும்தான் போட்டாராம். மூன்றாவது கூட்டத்துக்கு முன்பு பெரிய டீச்சர் அவர் கடையில் நின்று இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டே, "பெண் பிள்ளைங்க டாய்லெட்டுக்குக் கதவு போடணும். கூட்டத்துல நான் கேட்டா வேலைன்னு நினைப்பாங்க. நீங்க கேளுங்க" என்றிருக்கிறார். கேட்டார். கதவு வந்தது. அதற்குப் பிறகு அவர் கூட்டத்தில் பேசாமல் இருந்ததே இல்லையாம்.

அந்தப் பரோட்டா கடைப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. நான் போன அன்று முதல் பஸ்ஸில்தான் வந்தான். "வணக்கம் டீச்சர்" சொன்னான். கணக்கு இன்னும் தகராறு என்று தெரிகிறது. புலி வாத்தியார் மாலையில் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தருகிறார்.

மணி அடித்தது. பெரிய டீச்சர் இடுப்பில் செருகியிருந்த சின்ன டைரியை எடுத்து மூன்று பெயர் எழுதினார். இரண்டு பேருக்கு உள்ளே போகும் வழியிலேயே போன் செய்தார். ஒருவனுக்கு அம்மை. இன்னொருத்தி பாட்டி இறந்து ஊருக்குப் போயிருக்கிறாள். மூன்றாவது, எட்டாம் வகுப்புப் பெண். நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். அவளோடு எப்போதும் பஸ்ஸில் வரும் தோழியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தெரியலை டீச்சர்."

"நேத்து சாயங்காலம் பார்த்தியா?"

அந்தச் சிறுமி பதில் சொல்லாமல் கால் கட்டை விரலைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வீட்டுக்கு யாரோ வந்திருந்தாங்க டீச்சர். பூ, பழமெல்லாம் வெச்சிருந்தாங்க" என்றாள்.

பெரிய டீச்சர் அவள் தலையைத் தடவி வகுப்புக்கு அனுப்பினார். உதவித் தலைமையாசிரியரிடம் பள்ளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எட்டாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"நீ டீ குடிச்சிட்டு இரு. வந்துடுறோம்" என்றார் என்னிடம்.